கேள்வி ஏழுக்கு நான் சொன்ன விடை

அன்புள்ள மகளுக்கு,

இலக்கம் பதினேழு நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னவர் அம்மா. பிறகு எழுதலாம் என்று விட்டால் காற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் நாலு பக்கம் எழுதிவிட்டு, நாங்கள் சுகம், நீயும் சுகமாக இரு என்று முடித்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே எழுதிவிட்டேன். நீ ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடும் அந்த ஆள், குடிக்காதவர்கள் வரிசையில் நின்றுகொண்டு குடிகாரனின் குடலை வயிற்றில் வைத்திருக்கும் அந்த ஆள், உன் அப்பா. வெள்ளிக்கிழமை உன் பேராசிரியரிடம் பிழை உன்னுடையது என்று நீ எழுதிக் கொடுக்கக் கூடாது. அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் அம்மா நாளை முதல் பஸ்ஸில் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் நீ போன் எடுத்தாய். அம்மா போனைக் கதிரையில் சாய்த்து வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். வழமையாக முதலில் என்ன கறி என்று கேட்பாய். அன்று கேட்கவில்லை.

“அம்மா, என்ர வேலை முழுக்கப் போகப்போகுது,” என்றாய். “ஒராளால. பதினேழாம் இலக்கத்தால.”

“ஆர் அது?” என்றார் அம்மா.

“பேர் எனக்குத் தெரியாது. பேரெல்லாம் ஒட்டின உறைக்குள்ள இருக்கு, எனக்கு இலக்கம் மட்டுந்தான். குடிக்கிற ஆக்களின்ர இரத்தத்தில பிளாஸ்டிக் கூட வருதோ, குடிக்காத ஆக்களின்ரயில குறையுதோ எண்டுதானே பாக்கிறன். அப்பிடித்தான் வந்துகொண்டிருந்தது. இந்த ஆள் குடிக்காத ஆள். ஆனா குடிக்கிற எல்லாரையும்விட இவருக்குக் கூட. குடலும் புண்பட்டுக் கிடக்கு. மலத்தில பச்சை நார் நாராய் வருது. நான் மூண்டு தரம் பாத்திட்டன். சேர் சொல்லுறார், அது என்ர உடுப்பில இருந்து விழுந்த நூலாம். கவனமில்லாமல் அண்டைக்குப் பரிசோதிக்கத் திறந்த எல்லாப் போத்தலையும் நான் பழுதாக்கிப்போட்டனாம். எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டு, ஏன் இப்பிடி நடந்தது எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதித் தரச் சொல்லுறார்.”

“பச்சைச் சட்டை போட்டுக்கொண்டே போனனீ?”

“என்னட்டப் பச்சையில ஒரு சட்டையும் இல்லையம்மா.” அதற்குமேல் உன் குரல் உடைந்துவிட்டது. திரும்பச் செய்ய உனக்குக் காலம் இல்லை, தவணை முடிகிறது என்று விக்கி விக்கிச் சொன்னாய். பிறகு, “அப்பா பக்கத்தில இல்லையே? ஏன் அப்பா பேசாமல் இருக்கிறார்?” என்று கேட்டாய்.

“முள்ளு ஒண்டு,” என்றேன்.

அன்று எங்கள் கோப்பையில் பருப்பும் கத்தரிக்காயும்தான் இருந்தன. அம்மா என் கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆய்வுக்குப் பெயர் கொடுத்த அன்று தந்த, பதினேழு என்று எழுதிய சின்ன மட்டை அப்போதும் என் சட்டைப்பைக்குள், வழிபாட்டுப் பத்திரிகையோடு மடிந்து கிடந்தது. பொம்பிளைப் பிள்ளை ஒன்று போனுக்குள் அழுதுகொண்டிருக்க, அதைத் தீர்க்கக்கூடிய ஒரே ஆள் பருப்பைப் பிசைந்துகொண்டு இருந்தான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

நான் எப்படிப் பதினேழானேன் என்பதையும் நீ அறிய வேண்டும். மாரி தொடங்க முன், நீ அடுத்த கரையில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், உன் சிநேகிதி படிவங்களோடு எங்கள் கோவில் மண்டபத்துக்கு வந்திருந்தாள். வவுனியாப் பிள்ளை, என்னை முன்பின் கண்டதில்லை. குடிப்பவர்களுக்கு அங்கே பஞ்சமே இருக்கவில்லை. ஆளை ஆள் தள்ளிக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். குடிக்காதவர்களைத்தான் வலை போட்டுத் தேட வேண்டியிருந்தது. கடைசியில் ஓர் ஆள் குறைந்தது. எங்கள் மீன்பிடிச் சங்கத் தலைவர் என் தோளில் கையைப் போட்டு முன்னால் தள்ளினார். “பிள்ளை, இந்தாள் அந்தோனியாருக்குச் சொல் குடுத்த ஆள். பதின்மூண்டு வருசமாய்த் தொடேல்லை. இவரைவிட நல்ல ஆள் உங்களுக்கு இந்தக் கரையில கிடைக்காது,” என்றார். அம்மா பக்கத்தில் நின்றார். திருநாளில் சொரூபம் தூக்க என்னைக் கூப்பிட்டது போல அவருடைய முகம் மலர்ந்துபோய் இருந்தது. சொந்தக்காரரை இந்த ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அது எனக்கு நினைவில் இருந்தது. ஓர் ஆள் குறைகிறதே, பிள்ளைக்கு உதவியாகத்தானே போகும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எல்லாம் முடிந்த பிறகு நானே உனக்குச் சொல்கிறேன் என்று அம்மாவின் வாயையும் அடைத்து வைத்தேன். உண்மை என்னவென்றால், அத்தனை பேருக்கு முன்னால் அந்தப் பெருமையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை எங்கள் ஒழுங்கை பட்ட பாட்டை நீ பார்க்கவில்லை. மலத்தைக் கண்ணாடிப் போத்தலில்தான் தர வேண்டும், பிளாஸ்டிக் மூடி கூடாது, சொப்பிங் பையில் கொண்டுவரக் கூடாது என்று உன் சிநேகிதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆம்பிளைகள் ஆளுக்கொரு போத்தலைப் பத்திரிகையில் சுற்றி, கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பாராமல் நடந்தார்கள். “என்னண்ணை, தேனோ?” என்று பெண்கள் வேலிக்கு மேலால் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு போனேன். பிறகு அந்தப் பிள்ளை இரத்தம் எடுத்தாள், படிவத்தை வாசித்தாள். வயது, தொழில், என்ன மீன், எத்தனை தரம் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் ஒழுங்காக விடை சொன்னேன். கேள்வி ஏழு: மதுபானம் பாவிப்பவரா? அம்மா எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். “இல்லை,” என்றேன். கேள்வி ஒன்பது: வயிற்றில் வருத்தம் ஏதும் உண்டா? அதற்கும் இல்லை என்றேன். முதல் பொய்க்குக் காவலாக இரண்டாவது பொய்.

அந்த நேரம் அதைப் பொய் என்று நான் எண்ணவில்லை, மகள். இது சாட்டு என்று உனக்குப் படும், அம்மாவுக்கும் பட்டது. என் மண்டைக்குள் மதுபானம் என்றால் லேபல் ஒட்டிய போத்தல். நான் பாவிப்பது கள்ளு. எங்கள் கரையில் கள்ளை யாரும் குடிக்கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்புச் சூட்டுக்கு நல்லது, வயிற்றுக்குக் குளிர்ச்சி என்பார்கள். சாராயம் குடிப்பவன்தான் குடிகாரன், கள்ளுக் குடிப்பவன் வெயிலில் நின்று வேலை செய்கிறவன். இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான் பதின்மூன்று வருடம் ஒளிந்திருந்தேன். அந்தச் சொல்லை நான் எங்கே பிடித்தேன் என்று உனக்குத் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ ஒன்பதாம் வகுப்பில் படித்த வருடம். அம்மா மீன் வெட்டும்போது பக்கத்தில் குந்தியிருந்து, குடலைக் கிழித்து, அதற்குள் கிடந்ததெல்லாம் பொறுக்கினாய். பையின் கிழிசல், நைலோன் முடிச்சு, நீலமாய்ச் சிவப்பாய் நகத்துண்டு அளவில் பிளாஸ்டிக். ஒரு பருவம் முழுக்கப் பொறுக்கிக் கழுவி, ஒரு ஜாம் போத்தலில் போட்டு, ‘மீன் சாப்பிட்டது’ என்று எழுதி ஒட்டியிருந்தாய். பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு. அதற்கு முதல் நாள் பின்னேரம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சாராயம் எடுத்தோம். என் பங்கை ஊற்ற எனக்கு ஒரு போத்தல் தேவைப்பட்டது. குசினி யன்னலில் உன் போத்தல் இருந்தது. அதில் இருந்ததை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் மணலில் கொட்டிவிட்டுக் கொண்டுபோனேன், இரவு வெறும் போத்தலைத் திரும்ப அதே யன்னலில் வைத்தேன். காலையில் நீ அதை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாய். வெறும் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய்.

அன்று மத்தியானம் உன்னைக் கூட்டிவர வந்த என்னை உன் ரீச்சர் படலையில் மறித்தார். “மகளை எல்லாரும் நம்பியிருந்தம். கைதவறிக் கொட்டிப்போச்சு எண்டு சொல்லிக்கொண்டு வெறும் போத்தலோட நிக்கிறா. கொஞ்சம் பொறுப்பாய் இருக்கச் சொல்லுங்கோ,” என்றார். நீ அவருக்குப் பின்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் “ஓம் ரீச்சர், சொல்லுறன்” என்றேன். உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பதினாலு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிப் பேச்சு வாங்கியிருந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அந்தோனியார் முன்னால் முழந்தாளில் நின்றது அதற்காகத்தான். சுவாமியார், “குடியை விடுகிறன் எண்டு சொல்லுங்கோ,” என்றார். நான் “சாராயத்தை விடுகிறன்” என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். பின்னால் நின்ற அம்மா அழுததில் அந்தச் சொல் மாறியதைக் கவனிக்கவில்லை. எனக்கு அது வாய்தவறி வந்த சொல் இல்லை. முழந்தாளில் நிற்கும்போதே ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

சாராயத்தை அன்றிலிருந்து நான் தொடவில்லை. அது சத்தியம். கள்ளு தொடங்கியது ஒரு வருடம் கழித்து, வாடியில். உனக்கு எங்கள் வாடி தெரியும், கரையில் கிடுகு வேய்ந்த அந்தக் கொட்டில். வள்ளம் கரைக்கு வந்து மீன் போன பிறகு, அங்கேதான் நாங்கள் வலையைக் காலுக்கு மேல் விரித்துப் போட்டுக்கொண்டு கிழிசல் பொத்துவோம். வெயில் ஏறும் நேரத்தில் சீவல்காரர் கள்ளைச் சோடாப் போத்தலில் கொண்டுவருவார். அந்தப் பிளாஸ்டிக் போத்தலை நான் எறிவதில்லை. அடுத்த நாளும் அதில்தான் வாங்குவேன். உள்பக்கம் சுரண்டுப்பட்டு வெள்ளை பூத்து, வெயிலில் கிடந்து கிடந்து நெளிந்துபோய் இருக்கும். இதை உன் சிநேகிதி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி அந்தப் பச்சை நார். கேட்கத் தெரியாததால் நீங்கள் கேட்காத விசயம் இது. வலை பொத்தும்போது ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலை அறுக்க வேண்டும். கத்தி வாடியில் இருக்கிறது, உப்புக்காற்றில் துருப்பிடித்து. அதை எடுக்கக் கை நீட்டும் நேரத்தில் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டுவிடலாம். ஆகவே பல்லால் கடித்துத்தான் அறுப்போம். நான், என்னோடு தொழிலுக்கு வருகிறவர்கள், எல்லோரும். நூல் முனை நாக்கில் ஒட்டும், பல்லிடுக்கில் சிக்கும். ஒன்றைத் துப்புவோம், இரண்டை விழுங்குவோம். என் பக்கத்தில்தான் போத்தல் இருக்கிறதே. ஒரு கடி, ஒரு மிடறு. முனை தொண்டையில் குத்தினால் கள்ளால் கழுவி உள்ளே அனுப்புவேன். ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சு, எத்தனை மிடறு என்று நான் எண்ணியது கிடையாது. என் வலை நூல் பச்சை. நீ போனில் பச்சை நார் என்று சொன்ன உடனேயே என் நாக்கில் அந்த நூலின் உப்பு வந்துவிட்டது.

போன வருடம் பாஸ்காத் திருநாளுக்கு வந்திருந்தபோது, உன் ஆய்வு என்ன என்று நான் கேட்க, நீ வெளியில் கிடந்த வலையைத் தூக்கிக் காட்டி விளங்கப்படுத்தினாய். “குடல் எண்டது இது மாதிரி அப்பா. கண் சரியாய் இருந்தா வேண்டியதை மட்டும் உடம்புக்குள்ள விடும், மற்றதை மறிச்சு வெளியில அனுப்பும். உள்ளுக்க நல்ல கிருமியளும் இருக்கு, அதுகள்தான் வலையைக் காக்கிறது. மதுபானம் அந்தக் கிருமியளையும் குழப்பும், கண்ணையும் பெரிசாக்கும். அப்ப நாங்கள் சாப்பாட்டோட விழுங்கிற நுண்பிளாஸ்டிக் இரத்தத்துக்குள்ள கூடப் போகுமோ எண்டதுதான் என்ர கேள்வி,” என்றாய். நான் கெட்டித்தனமாக, “அப்ப அது நிச்சயமோ?” என்று கேட்டேன். “நிச்சயமெண்டா நான் ஏன் அப்பா ஊர் ஊராய்ப் போத்தல் தூக்கித் திரியிறன்? உலகத்திலயே இன்னும் சரியாய்த் தெரியாது. சந்தேகந்தான் இருக்கு. அதுக்குத்தான் உண்மை சொல்லுற ஆக்கள் வேணும்,” என்றாய். அந்தக் கடைசி வசனத்தை நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம்கூட நான் வாடிக்குப் போய்வந்தவன்.

வயிற்று வருத்தமும் உண்டு. எட்டு மாதமாக. சாப்பிட்ட கையோடு வயிறு ஊதும், நெஞ்சுக்குழிக்குள் எரியும், சில நாள் கடலில் நிற்கும்போதே அடக்க முடியாமல் போகும். சாரம் இடுப்பில் நிற்கவில்லை என்று அம்மா இரண்டு தரம் சொன்னார், வயது போகுதுதானே என்று மழுப்பினேன். எரியும்போது குளிர்ச்சிக்கென்று இன்னும் ஒரு மிடறு கூட எடுத்தேன். என் வயிற்றைக் கெடுத்தது கள்ளோ, நூலோ, வேறு ஏதோ என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உன் வேலை, என் சொல்லைக் கேட்டு நீ ஒரு முடிவும் எழுதிவிடாதே. கேள்வி ஏழுக்கும் ஒன்பதுக்கும் நான் சொன்ன விடை பிழை. அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

திங்கட்கிழமை காலை அம்மாவிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சட்டைப்பையிலிருந்த மட்டையை எடுத்துக் குசினி மேசையில் வைத்தேன். பதினேழு என்று பார்த்தார். தண்ணீருக்குள் கை அப்படியே நின்றது.

“அப்ப நீங்கள் குடிக்கிறியள்.”

“கள்ளுத்தான்.”

“கள்ளுத்தான்,” என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லை இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. உனக்குத் தெரியும், இந்த ஊரில் குடிகாரனைக் கட்டி அழுகிற பெண்கள் முதலில் வந்து உட்காருவது உன் அம்மாவுக்குப் பக்கத்தில். என்ர மனுசன் விட்டவர், உன்ர மனுசனும் விடுவார் என்று எத்தனை பேருக்கு அவர் தைரியம் சொல்லியிருப்பார். அவர் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. “அந்தோனியார் பெரியவர், அவர் பொறுத்துக்கொள்ளுவார்,” என்றார். “நான் பொறுக்கிறனோ இல்லையோ, அதை நான் பாத்துக்கொள்ளுறன். பிள்ளையின்ர கடதாசியில எழுதிக் கிடக்கிற பொய்யை ஆர் அழிக்கிறது? அவள் அங்க ஒருக்காவும் செய்யாத பிழைக்கு நிக்கிறாள். முந்தியும் ஒருக்கா நிண்டவள்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கண்காட்சி நாளின் கதை அம்மாவுக்கும் தெரியும் என்று. நீ சொல்லியிருக்கிறாய். ரீச்சரிடம் சொல்லவில்லை, என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாய்.

உடனே உனக்குப் போன் எடுக்கிறேன் என்றேன். விடவில்லை. “போனில எண்டா சிரிச்சு மழுப்பிப்போடுவியள். எழுதுங்கோ. எழுதினா சொல்லை மாத்தேலாது,” என்றார். பிறகு அலுமாரிக்கு மேலே கையை விட்டு ஒரு போத்தலை இறக்கினார். உன் ஜாம் போத்தல். பதின்மூன்று வருடமாக அதில் கறுவாப்பட்டை போட்டு வைத்திருந்திருக்கிறார். நீ ஒட்டிய கடதாசி பாதி உரிந்து, ‘மீன்’ மட்டும் மிச்சம் இருந்தது. கறுவாப்பட்டையைக் கொட்டி, சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, தகர மூடியையும் தேய்த்து என் முன்னால் வைத்தார். “இதில இருந்ததை நீங்கள்தானே கொட்டினனீங்கள். நிரப்பிக் குடுங்கோ,” என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு அவர் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சோறு வருகிறது, தேத்தண்ணி வருகிறது, கதை வரவில்லை. முப்பது வருடத்தில் வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மகள்.

செவ்வாயும் இன்றும் நான் கள்ளுக் குடிக்கவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. இரண்டு நாள் ஒரு கணக்கே இல்லை. இந்த முறை அந்தோனியாரிடம் போகவும் இல்லை. போனால் எந்தச் சொல்லைப் போட்டு நழுவலாம் என்றுதான் என் மனம் முதலில் தேடும், எனக்கு என்னைத் தெரியும். நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் கள்ளு என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்வேன். இப்போதைக்கு என்னால் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

நீ படித்தவள், உனக்கு நான் ஆய்வு சொல்லித்தர முடியாது. ஆனால் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். எங்களிடம் மதுபானம் பாவிப்பவரா என்று கேட்காதே. அது பொலிஸ் கேட்பது போல இருக்கும், நாங்கள் இல்லை என்போம். கரைக்கு வந்ததும் என்ன குடிப்பியள் அண்ணை என்று கேள், கள்ளும் சோடாவும் தேத்தண்ணியும் தன்பாட்டில் வரும். எதில் வாங்கிக் குடிப்பியள் என்று கேள். மனுசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதே. நூலை எதால் அறுப்பியள் என்று கட்டாயம் கேள். எல்லாரும் கத்தி என்றுதான் சொல்வார்கள், நீ அவர்களுடைய முன்பல்லைப் பார். என் முன்பல்லில் நூல் போய்ப் போய் விழுந்த பள்ளம் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் நீ அதில் விரல் நகத்தை வைத்து விளையாடியிருக்கிறாய்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அந்த உறையைத் திறக்கச் சொல். பதினேழுக்கு நேரே என் பெயர் இருக்கும். இது என் அப்பா, சேர்க்கக் கூடாத ஆள், ஆசைப்பட்டு வந்து சேர்ந்தவர், குடிப்பதில்லை என்று பொய் சொன்னவர் என்று பேராசிரியரிடம் சொல். வெட்கப்பட்டு ‘ஓர் ஆள்’ என்று எழுதிவிடாதே. முந்தி ஒரு தரம் கைதவறிக் கொட்டிவிட்டது என்றாய். இந்தத் தரம் உன் கையை இழுக்காதே, கொட்டியவன் நான் என்று சொல். எறிய வேண்டுமென்றால் என் போத்தல் ஒன்றைத்தான் எறிய வேண்டும், மற்ற ஆட்கள் தந்ததை எறிய ஒரு நியாயமும் இல்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் நான் வந்து அவருக்கு முன்னால் நிற்கிறேன், வேண்டிய அளவு இரத்தம் எடுக்கட்டும். உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். நீ போன் எடுக்காவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவோடு கோபிக்காதே, அவருக்கு என்னைவிட உன்னில்தான் இப்போது நம்பிக்கை.

கடிதத்தோடு புதுப் படிவம் ஒன்றும் வருகிறது. சங்கத்தில் மிஞ்சிக் கிடந்தது. கேள்வி ஏழில் ‘ஓம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘பனங்கள்ளு, ஒவ்வொரு நாளும், பிளாஸ்டிக் போத்தலில்’ என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதிலும் ஓம். கீழே அம்மா சாட்சிக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார். படிவத்தில் சாட்சிக்கு இடம் இல்லை, ஓரத்தில் வைத்திருக்கிறார்.

அம்மாவின் கோவில் பைக்குள் உன் ஜாம் போத்தலும் இருக்கிறது. நேற்றும் இன்றும் வலை பொத்தும்போது பல்லால் கடித்த நூல் முனைகளை விழுங்காமல் ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் போட்டேன். பழக்கத்தில் சிலது உள்ளே போயிருக்கும், அகப்பட்டதெல்லாம் இருக்கிறது. இரண்டு நாளில் போத்தல் கால்வாசிக்கு வந்துவிட்டது. உன் கண்ணாடிக்குக் கீழே வைத்து, பதினேழிடம் கண்ட நாரோடு ஒப்பிட்டுப் பார். மூடியைத் திறக்கும்போது அன்றைக்கு மணந்தது போல மணந்து பார், மகள். கறுவாப்பட்டை கொஞ்சம் மணக்கும். வேறொன்றும் மணக்காது.

உன் அப்பா,
இலக்கம் பதினேழு